பூஞ்சையின் மதில்

மதுரை மாநகரைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளி உழவினால் வாழும் நிலமாகும். வையை ஆறும், 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையினின்று மலையைக் குடைந்து கொணரப்படும் நீரும் இந்நிலத்தை வளப்படுத்துகின்றன. சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் நெல்லும் கரும்பும் வாழையும் செழிக்கின்றன. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களின் மானாவாரி நிலங்களில் பருத்தியும் சோளமும் நிலக்கடலையும் விளைகின்றன. இவ்விளைவைப் பெறுதற்கு உழவர் தம் உடலுழைப்பையே முதலாக இடுகின்றனர். அவ்வுழைப்பில் அவர்கட்கு நேரும் சிறு காயங்கள் எண்ணில. வரப்பில் நடக்கையில் காலில் முள் தைக்கும். கதிர் அறுக்கையில் நெற்றாள் கண்ணில் உராயும். களத்தில் தூற்றுகையில் உமி பறந்து விழும். கரும்பின் தோகை முகத்திற் கீறும். மாட்டின் வால் வீச்சும் சிலவேளை விழியிற் படும். உழவர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டும், கண்ணைக் கசக்கித் துடைத்துக்கொண்டும் தம் வேலையைத் தொடர்வர்.

இக்காயங்களுள் பெரும்பாலானவை தாமே ஆறிவிடுகின்றன. ஆயினும், சில காயங்களின் வழியாகக் கண்ணுக்குப் புலனாகாத பகைவன் ஒருவன் உடம்பினுள் புகுந்துவிடுகின்றான். பூஞ்சை என்பது அவன் பெயர். அவன் தன்னைச் சுற்றி வலிய மதில் ஒன்றை எழுப்பிக்கொண்டு வாழ்கின்றான். அம்மதில் எதனால் ஆயது, அதனைக் கட்டும் கொத்தர்கள் யாவர், அவர்களை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர், அவ்வறிவினால் நமக்கு விளையும் பயன் யாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பூஞ்சை செடியும் அன்று, விலங்கும் அன்று. மழைக்காலத்தில் குப்பைமேட்டில் முளைக்கும் காளானும், பழைய சோற்றிலும் ஊறுகாயிலும் படரும் பூசணமும், ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. உதிர்ந்த சருகையும் அறுத்த தாளையும் மக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்கும் நற்பணியைப் பூஞ்சைகள் இடையறாது செய்கின்றன. அவை இல்லையாயின் நிலத்தில் சருகே மலைபோற் குவிந்து கிடக்கும். ஆதலின் பூஞ்சை இனம் முழுவதையும் பகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. மண்ணிலும் சருகிலும் இருக்கவேண்டிய பூஞ்சை, மனிதன் உடம்பில் குடிபுகும்பொழுதே அது பகையாகின்றது.

காலில் புகும் பூஞ்சையால் வரும் நோய் ஒன்றிற்கு நம் மதுரையின் பெயரே வழங்குகின்றது. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கில மருத்துவர், பாதம் வீங்கிப் பல புரைகள் தோன்றி, அவற்றின் வழியே சிறுசிறு மணிகள் வெளிப்படும் நோயொன்றைக் கண்டு எழுதினார். அதற்கு ‘மதுரைக் கால்’ என்னும் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்தது. பின்னர்ப் பம்பாயிலிருந்த கார்ட்டர் என்னும் மருத்துவர், அந்நோய்க்குப் பூஞ்சையே காரணமாதல் கூடும் என ஆராய்ந்துரைத்தார். 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் என்பார், இந்நோயை விளைக்கும் பூஞ்சை வகை ஒன்றிற்கு ‘மதுரெல்லா’ எனப் பெயரிட்டார். இந்நோய் பூஞ்சைகளால் மட்டுமன்றிச் சிலவகைப் பாக்டீரியாக்களாலும் வருவதுண்டு. ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில் இது மிகுதி. உலக நல நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. வெறுங்காலுடன் வயலில் நடக்கும் ஏழை மக்களையே இந்நோய் பெரிதும் பற்றுவதால், உலகம் நெடுநாள் இதனை ஏறெடுத்தும் பாராதிருந்தது போலும்!

காலினும் நுண்ணிய உறுப்பு கண். கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் தெளிந்து விளங்கும் படலத்தைக் கருவிழிப் படலம் என்பர். ஒளி உள்ளே செல்லும் பலகணி அதுவே. அதன் மேற்பரப்பில் ஒரு சிறு கீறல் விழுமாயின், கீறிய தாளிலோ உமியிலோ ஒட்டியிருந்த பூஞ்சையின் நுண்வித்து அவ்வழியே உட்சென்று தங்கும். அங்கே அது முளைத்து, நூல்நூலாய்க் கிளைத்துப் படரும். கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சத்தைக் காணக் கூசும், சில நாளில் கருவிழியில் வெண்ணிறப் புண் தோன்றும். புண் ஆறினும் வடு ஆறாது. தெளிந்த பலகணி சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். இதனையே நம் மக்கள் ‘கண்ணில் பூ விழுந்தது’ என்பர். கூடைப் பூவைக் காண்பதற்குரிய கண்ணில் இப்பூ விழுமாயின், பின்னர் எப்பூவையும் காணுதல் அரிது.

இந்நோய் நம் பகுதியில் எத்துணை மிகுதி என்பதை மருத்துவர்கள் கணக்கிட்டுள்ளனர். 1993-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் மக்களுள் 113 பேர் கருவிழிப் புண்ணால் வருந்தினர் என ஓர் ஆய்வு கூறியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வட்டாரம் ஒன்றில் கண்ட அளவினும் இது பத்து மடங்காகும். அடுத்த ஆண்டு, 1994-இல், சனவரி முதல் மார்ச்சு வரை மூன்றே திங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்நோயுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 284 பேர் முன்னர்க் கண்ணில் காயம்பட்டவர்கள். புண்ணினின்று எடுத்த துகளில் நோய்க்கிருமி வளர்ந்து காட்டியவர் 297 பேர். அவர்களுள் 139 பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். 15 பேருக்குப் பூஞ்சையும் பாக்டீரியாவும் கலந்து காரணமாயின. பூஞ்சைகளுள் பாதியளவு பியூசேரியம் என்னும் வகை. அதனை அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் வகை. இவ்விரண்டும் மண்ணிலும் பயிரிலும் வாழ்வன. பியூசேரியம் செடிகளை வாடச் செய்யும். ஆஸ்பர்ஜில்லசின் ஒரு பிரிவு ஈரம்பட்ட நிலக்கடலையில் நஞ்சை விளைக்கும். பயிருக்குப் பகையானதே பயிரிடுவோன் கண்ணுக்கும் பகையாயிற்று.

இப்பகையை வெல்ல மருந்து இல்லையோ எனின், உண்டு. 1955-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றினின்று நேட்டமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1860-ஆம் ஆண்டு முதல் நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்ற நேட்டாலே அது. அம்மருந்தினைச் சொட்டுமருந்தாகக் கண்ணில் இடுவர். பிற்காலத்தில் வந்த வோரிகோனசோல் என்னும் புதுமருந்து அதனினும் சிறந்ததோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்த்தற்பொருட்டு, 2010-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளரைக் கொண்டு ஓர் ஒப்பாய்வு நிகழ்ந்தது. 2013-இல் அதன் முடிவு வெளிவந்தது. பழைய நேட்டமைசினே சிறந்தது, அதிலும் பியூசேரியத்தால் வந்த புண்ணுக்கு அதுவே மிக ஏற்றது என்று தெளிவாயிற்று. மதுரைப் பகுதி உழவர்தம் கண்களைக் கொண்டு அறிந்த இவ்வுண்மை உலக மருத்துவர்கட்கெல்லாம் வழிகாட்டியது.

ஆயினும் அம்மருந்தாலும் காக்கவியலாத கண்கள் பல. அது படலத்தின் ஆழத்திற்கு எளிதிற் செல்லாது. காலந்தாழ்த்து வருவோர்க்கு அதனால் வரும் பயன் குறைவு. புதிய மருந்துகள் வேண்டும். அவற்றைக் காண்பது ஏன் அரிதாயிற்று? பாக்டீரியா நம்மினின்று மிக வேறுபட்ட உயிர். ஆதலின் அதனைக் கொன்று நம்மைக் கொல்லாத மருந்துகள் பல கிடைத்தன. பூஞ்சையோ அவ்வாறன்று. அதன் உயிரணுவும் நம் உயிரணுவைப்போலவே உட்கருவும் பிற உறுப்புகளும் உடையது. உயிரினங்களின் குலவரிசையில் அது நமக்குத் தாயாதி முறை எனலாம். தாயாதியோடு பகை நேர்ந்தால், அவன் வீட்டிற்கு வைத்த தீ நம் கூரையிலும் பற்றும் அன்றோ? பூஞ்சையைக் கொல்லும் சில வலிய மருந்துகள் உட்கொண்டவர்தம் சிறுநீரகத்தையும் கெடுப்பது இதனாலேயே.

ஆகவே, பூஞ்சையிடத்தில் உள்ளதும் நம்மிடத்தில் இல்லாததும் ஆகிய பொருள் யாது என அறிஞர் தேடினர். அதுவே உயிரணுச் சுவர். நம் உயிரணுக்களைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு, சுவர் இல்லை. பூஞ்சையின் உயிரணுவோ சவ்விற்கு வெளியே தடித்த மதிலையும் உடையது. மருத்துவமனையில் நோயைக் கண்டறியும் முறையே இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். புண்ணினின்று சுரண்டி எடுத்த துகளைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரநீர் சிறிது விடுவர். மனித உயிரணுக்கள் கரைந்து தெளிந்துவிடும்; பூஞ்சையின் இழைகளோ மதிலின் வலியால் கரையாமல் நிற்கும். கால்கோபுளோர் என்னும் வெண்சாயத்தை இட்டால், அச்சாயம் மதிலைப் பற்றிக்கொண்டு, புறஊதா ஒளியில் இழைகளை நீலவெண்மையாய் ஒளிரச் செய்யும். துணிக்கு வெண்மை ஊட்டப் பயன்பட்ட சாயம், நோய்முதலைக் காட்டும் விளக்குமாயிற்று.

மதிலை முற்றுகையிடுதலை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் நம் இலக்கண நூலார் புறத்திணையுள் வகுத்தனர். முற்றுகையிடும் மன்னன் முதற்கண் அறியவேண்டுவது மதிலின் இயல்பு. பூஞ்சையின் மதில் நம் சிற்றூர்களில் காணும் வரிச்சுச் சுவரைப் போன்றது. மூங்கிற் பிளாச்சுகளைப்போல் உறுதி தருவது கைட்டின் என்னும் பொருள். நண்டின் ஓட்டிலும் வண்டின் சிறகுறையிலும் உள்ளது இதுவே. மூங்கிலிடையே அப்பிய மண்ணைப்போல் பெரும்பகுதியாய் நிற்பது குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலி. மேற்பூச்சாய் அமைந்தவை சர்க்கரை சேர்ந்த புரதங்கள். உயிரணுவின் உள்ளே நீரின் அழுத்தம் மிகுதி. மதில் பழுதுபடுமாயின், கரையுடைந்த கண்மாய்போல் உயிரணு வெடித்து அழியும்.

பாக்டீரியாவுக்கும் மதில் உண்டு. அதன் பொருள் வேறு. 1928-ஆம் ஆண்டில் பிளெமிங் கண்ட பெனிசிலின், அம்மதிலைக் கட்டவொட்டாது தடுத்தே பாக்டீரியாவைக் கொல்கின்றது. அம்மருந்தினைச் சுரந்து தந்தது ஒரு பூஞ்சை! பிறர் மதிலை இடிக்கும் கலையைப் பூஞ்சையிடம் கற்ற மனிதன், அக்கலையாலேயே பூஞ்சையின் மதிலையும் இடிக்க எண்ணியது இயல்பே.

மதிலை இடிப்பதினும் கட்டும் கொத்தரைத் தடுப்பது எளிது. உயிரணுவில் கொத்தர் வேலை செய்பவை நொதிகள் என்னும் புரதங்கள். ஒவ்வொரு நொதியையும் எவ்வாறு ஆக்குவது என்னும் கட்டளை, உட்கருவில் உள்ள மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகள் நான்கே: அடினின், குவானின், சைட்டோசின், தைமின். இந்நான்கு எழுத்துகளால் இடைவெளியும் புள்ளியும் இன்றி எழுதப்பட்ட பெருஞ்சுவடியே ஓர் உயிரின் மரபுத்தொகுதி. ஈஸ்டின் சுவடியில் ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகளும் 6,000 மரபணுக்களும் உள்ளன. அது 1996-இல் முழுமையும் படிக்கப்பட்டது. பியூசேரியம் சொலானி என்னும் பூஞ்சையின் சுவடியில் 5 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளும் 15,000-க்கு மேற்பட்ட மரபணுக்களும் உள. இவற்றுள் மதில் கட்டும் மரபணுக்கள் எவை என அறிவது எங்ஙனம்? இதற்கு அறிஞர் கைக்கொண்ட வழிகள் மூன்று.

முதல் வழி, ஒரு மரபணுவை நீக்கிவிட்டு விளைவைக் காண்பது. ஊரில் ஒரு கொத்தரை வேலையினின்று நிறுத்தினால் எச்சுவர் எழவில்லை என்று காண்பது போன்றது இது. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர், ஈஸ்டில் கைட்டினை ஆக்கும் நொதிக்குரிய மரபணு ஒன்றைக் கண்டெடுத்தனர். அதனை நீக்கிப் பார்த்தபோது வியப்பொன்று காத்திருந்தது: ஈஸ்ட் சாகவில்லை, கைட்டினும் குறையவில்லை! அப்பணியைச் செய்யும் வேறு மரபணுக்களும் உள என்பது அதனால் விளங்கிற்று. பின்னர்த் தேடியபோது ஈஸ்டில் அத்தகையவை மூன்று எனத் தெரிந்தது. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை ஒன்றிலோ அவை எட்டு. ஒரு கொத்தன் போனால் மற்றொருவன் கரண்டியை எடுத்துக்கொள்கின்றான். ஆதலின் கைட்டின் கொத்தரைத் தடுக்கும் மருந்து காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

இரண்டாவது வழி, மருந்துக்கு அஞ்சாதவனைப் பிடிப்பது. எக்கினோகாண்டின் என்னும் பொருள் குளூக்கன் உண்டாவதைத் தடுக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. கோடிக்கணக்கான ஈஸ்டுகளின்மேல் அதனை இட்டால் ஏறக்குறைய எல்லாம் மடியும், ஒன்றிரண்டு பிழைக்கும். பிழைத்ததன் சுவடியில் எவ்வெழுத்து மாறியுள்ளது எனத் தேடின், மருந்து தாக்கும் இடம் அதுவே எனத் துணியலாம். இவ்வாறு 1994-இல் குளூக்கன் ஆக்கும் நொதியின் மரபணு கண்டறியப்பட்டது. அதே காலத்தில் வேறு ஆய்வுக்கூடத்தார், கால்கோபுளோர் சாயத்திற்கு அளவிறந்து அஞ்சும் ஈஸ்டுகளைத் தேடி ஒரு மரபணுவைக் கண்டனர். இன்னும் சிலர் வேறு மருந்துகளைக் கொண்டு வேறு மரபணுக்களைக் கண்டதாக எண்ணிப் பெயரிட்டனர். ஒப்பிட்டுப் பார்த்தபோது ஐந்து பெயர்களும் ஒரே மரபணுவைக் குறிப்பன எனத் தெரிந்தது. எப்.கே.எஸ்.1 என்னும் பெயரே இன்று நிலைத்துள்ளது. பல வாயில்களில் நுழைந்தோர் யாவரும் ஒரே கருவறையை அடைந்தனர் என்றால், அக்கோயில் உண்மையானதே என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது வழி, ஒப்புநோக்கல். சுவடி பதிப்பிப்போர்க்கு இது பழகிய வழி. ஓர் ஏட்டில் செல்லரித்து நிற்கும் இடத்தை மற்றோர் ஏட்டைக் கொண்டு தெளிவர்; ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடினும், வேறுபடாது நிற்கும் பகுதி நூலின் உயிர்ப்பகுதி எனக் கொள்வர். அவ்வாறே, ஈஸ்டில் அறிந்த மரபணுவின் எழுத்துவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, பிற பூஞ்சைகளின் சுவடிகளில் அதனை ஒத்த பகுதி யாண்டுளது எனக் கணிப்பொறி வாயிலாகத் தேடுவர். கோடிக்கணக்கான எழுத்துகளிடையே அப்பகுதி அகப்படும். எவ்விடத்தில் எழுத்து மாறாது நிற்கின்றதோ அவ்விடம் நொதியின் தொழிலுக்கு இன்றியமையாதது. எவ்விடத்தில் மாறியுள்ளதோ அவ்விடம் அப்பூஞ்சையின் தனித்தன்மைக்குக் காரணமாகலாம்.

இவ்வறிவினால் பயன் விளையாமற் போகவில்லை. எக்கினோகாண்டின் குடும்பத்தைச் சேர்ந்த காஸ்போபஞ்சின் என்னும் மருந்து 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் ஒரு பூஞ்சை சுரந்த பொருளினின்று ஆக்கப்பெற்றதே. குருதியிற் பரவும் காண்டிடா என்னும் பூஞ்சையால் மரணவாயிலில் நின்ற பலரை அது மீட்டது. மனிதனிடம் குளூக்கன் மதில் இல்லையாதலின் அம்மருந்தினால் நோயாளர்க்கு வரும் இடர் மிகக் குறைவு.

அங்ஙனமாயின் அதனை நம் உழவர் கண்ணில் இட்டால் ஆகாதோ? இங்கேதான் இடர் உள்ளது. பியூசேரியம் அம்மருந்துக்கு அஞ்சுவதில்லை. பிறவியிலேயே அதனைத் தாங்கும் வலியுடையது. இதன் காரணத்தையும் அறிஞர் மரபணுவிலேயே தேடினர். 2009-ஆம் ஆண்டில், பியூசேரியம் சொலானியின் எப்.கே.எஸ்.1 மரபணுவின் ஒரு பகுதியை வெட்டி, ஈஸ்டின் அதே மரபணுவில் உரிய இடத்தில் பொருத்திப் பார்த்தனர். மருந்துக்கு மடிந்துகொண்டிருந்த ஈஸ்டும் அதனைத் தாங்கும் வலி பெற்றது. மருந்து பற்றவேண்டிய இடத்தில் சில எழுத்துகள் பியூசேரியத்தில் இயல்பாகவே மாறியிருத்தல் அவ்வலிக்கு ஒரு காரணம் என இதனால் புலனாயிற்று. பூட்டு ஒன்றே, அதன் உட்புறத்தில் ஒரு பல் வேறு. ஆதலின் பழைய சாவி நுழையவில்லை. ஒரு பூஞ்சைக்குக் கண்ட மருந்து மற்றொன்றுக்கும் உதவும் எனக் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது என்பதையும், நோய் விளைக்கும் பூஞ்சை ஒவ்வொன்றின் மரபணுக்களையும் தனித்தனியே ஆராய்தல் இன்றியமையாதது என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

வேறொரு கொத்தனும் அகப்பட்டுள்ளான். மதிலின் மேற்பூச்சாகிய புரதங்களைச் சுவரோடு பிணைத்தற்கு நங்கூரம் போன்ற உறுப்பு ஒன்று வேண்டும். 2003-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஆய்வாளர், மதிலைக் குலைக்கும் புதிய பொருள் ஒன்றை ஈஸ்டின்மேல் இட்டு, எம்மரபணுவை மிகுதியாகக் கொடுத்தால் ஈஸ்ட் பிழைக்கின்றது எனத் தேடினர். அந்நங்கூரத்தை ஆக்கும் நொதிக்குரிய மரபணு அவ்வாறு கிடைத்தது. அதனைத் தாக்கும் போஸ்மனோஜெபிக்ஸ் என்னும் மருந்து பியூசேரியத்தையும் அடக்கும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நம் உடம்பிலும் அதனை ஒத்த நொதி ஒன்று உண்டெனினும், அம்மருந்து பூஞ்சையின் நொதியையே பற்றுகின்றது. உடம்பினுள் பரவிய பூஞ்சை நோய்களுக்கு அம்மருந்து மனிதரிடையே சோதிக்கப்பட்டு வருகின்றது. கருவிழிப் புண்ணுக்கு அது உதவுமா என்பது இனிக் காணவேண்டியது.

பியூசேரியம் சொலானியின் சுவடி 2009-இல் வெளியாயிற்று. பட்டாணிச் செடியைத் தாக்கும் வகையினின்று எடுக்கப்பட்டது அது. மதுரையின் பெயர் தாங்கிய மதுரெல்லாவின் சுவடியும், சூடான் நாட்டு நோயாளர் ஒருவரிடம் பெற்ற பூஞ்சையினின்று, 2016-இல் படிக்கப்பட்டது. மதுரையிலும் இவ்வாராய்ச்சி நிகழாமல் இல்லை. கோவிந்தப்ப வேங்கடசாமி என்னும் மருத்துவர் 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தது. நோயாளர்தம் கருவிழியினின்று எடுத்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை எவ்வெப் புரதங்களை வெளியிட்டுக் கண்ணைத் தாக்குகின்றது என்பதனை அந்நிறுவனத்தார் ஆராய்ந்துள்ளனர். நோயாளர் இங்கே உளர். நோய்ப்பூஞ்சையும் இங்கே உளது. ஆராயும் கூடமும் இங்கே உளது. இம்மூன்றும் ஓரிடத்தில் அமைதல் அரிய வாய்ப்பாகும்.

புதுமருந்து வருங்காறும் நாம் வாளா இருத்தல் தகாது. மதுரை மாவட்டத்து ஊர்களிலேயே ஒரு சோதனை நிகழ்ந்தது. அதன் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஊர்ப்பணியாளர்கள், கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே கண்டறிந்து, மருந்துக் களிம்பு இட்டனர். அங்ஙனம் காலத்தே மருந்து பெற்றவர்களுள் ஏறத்தாழ எவர்க்கும் கொடிய புண் தோன்றவில்லை. மதில் எழும்பிய பின் பகைவனைத் துரத்துவதினும், அவன் கடைக்கால் தோண்டும்பொழுதே துரத்துவது எளிது. ஆதலின் கண்ணில் உமியோ தாளோ பட்டால், கசக்குதலும், கைவைத்தியமாய்த் தாய்ப்பாலோ எண்ணெயோ பச்சிலைச் சாறோ விடுதலும், கடையில் தாமே கேட்டு வாங்கிய சொட்டுமருந்தை இடுதலும் கூடா. அச்சொட்டுமருந்துகள் சிலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு என்னும் பொருள், சிவப்பைத் தணித்து, நோய் நீங்கியதுபோல் காட்டி, பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். தூய நீரால் கண்ணைக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கண் கெட்ட பின் சூரிய நமற்காரம் செய்து பயன் என்னை?

மாணவர்களே! பகைவனை வெல்ல விழைவோன், தனக்கும் அவனுக்கும் பொதுவானது யாது, அவனுக்கே உரியது யாது எனப் பகுத்துணர்தல் வேண்டும். அங்ஙனம் பகுத்துணர்ந்ததே மேலே கண்ட ஆராய்ச்சிகளின் சாரம். அவ்வாராய்ச்சி இன்னும் முடியவில்லை. பியூசேரியத்தின் பூட்டுக்கு ஏற்ற சாவி இனித்தான் செய்யப்பெறல் வேண்டும். நேட்டால் தன் பெயரை ஒரு மருந்துக்கு ஈந்தது. மதுரையின் பெயரோ ஒரு நோய்க்குச் சென்றது. உங்களுள் ஒருவர் இந்நிலத்து உழவரின் கண்ணைக் காக்கும் மருந்தினைக் கண்டு, அதற்கு நம் ஊரின் பெயரை இடுவாராயின், அப்பழி நீங்கும். கண்ணொளி பெறும் உழவர் குடிகளும் உங்களை வாழ்த்தும்.